தொட்டி இருந்த இடம்

நெதெல்கா அக்காவுக்கு அந்த வருஷம் அறுபத்திரண்டு வயது. ரூசே நகரத்தில் எங்கள் தையல் ஆலையில் முப்பத்தோரு வருஷம் துணி வெட்டியவர். நாற்பது மடிப்புத் துணியை நீள மேசையில் அடுக்கி, மேலே காகித மாதிரியை விரித்து, கத்தியை ஒரே ஓட்டமாக ஓட்டிவிடுவார். கோட்டின் அக்குள் வளைவு அவர் கையில் ஒரு நூலளவுகூடப் பிசகியதில்லை. நான் அதே ஆலையில் காஜா எடுத்தவள். அவர் என்னைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். ஒரே கட்டடம்தான், நான் பக்கத்து வாசலில் தரைத்தளத்தில் குடியிருக்கிறேன். என் பெயர் தெமெனூகா. அவர் வாயில் எப்போதும் ‘தெமெ’.

ஆலையில் அப்படிப்பட்ட கை, வீட்டில் ஒரு சுத்தியலைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதுதான் சரி. அவர் கணவர் அசென் அண்ணன் ஆற்றுத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஆணி அடிப்பதும் குழாய் மாற்றுவதும் ஆம்பிளை வேலை என்பார். ஆணி அடிப்பார். குழாயை மாற்றப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த வீட்டில் அவர் செய்த ஒரே பெரிய காரியம் குளியல் தொட்டி. மகள் ராலித்சா பிறந்த வருஷம், இழுத்து மூடிய ஒரு பழைய குளியல் விடுதியிலிருந்து அந்த வார்ப்பிரும்புத் தொட்டியை வாங்கி, துறைமுகத்து நண்பர்கள் மூன்று பேரோடு நாலு மாடி தூக்கிக்கொண்டு ஏறினார். லிஃப்டில் அது நுழையவில்லை. எங்கள் கட்டடத்துக் குளியலறைகளில் தொட்டியே கிடையாது. சுவரில் ஒரு குழாய், தரையில் ஒரு வடிகால், மூலையில் கழிப்பீடம், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஆற்றங்காற்றில் விறைத்துப்போய் வந்து, அண்ணன் அதில் கழுத்துவரை வெந்நீர் நிரப்பிப் படுத்துக்கிடப்பார். “இந்தக் கட்டடத்துலயே நான் ஒருத்தன்தான் மனுஷன் மாதிரி குளிக்கிறேன்” என்பார்.

ஒரு ஜனவரி மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு மட்டும் போகவில்லை. வலது கையும் வலது காலும் பாதிக்கு மேல் போயின. தடியூன்றி வீட்டுக்குள் நடக்க மார்ச் ஆகிவிட்டது. ஆனால் முழங்காலுக்கு மேல் உயரமான அந்தத் தொட்டி விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க அவரால் முடியவில்லை. ஒருமுறை முயன்று விழுந்தார். அதற்குப் பிறகு அக்கா சமையலறையில் நாற்காலி போட்டு, அதன்மேல் பழைய துண்டை விரித்து, அவரை உட்காரவைத்து, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்துவிடுவார். அந்த நேரமெல்லாம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருப்பாராம்.

“வலிக்குதான்னு கேட்டேன் தெமெ. இல்லன்னாரு. பெறவு எதுக்குக் கண்ண மூடறேன்னு கேட்டேன். பதில் இல்ல” என்றார் அக்கா என்னிடம்.

தொட்டியை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக்கி, நடந்தே போய்க் குளிக்கிற மாதிரி செய்துவிடலாம் என்று அக்கா மூன்று முறை கேட்டுப் பார்த்தார்.

“அந்தத் தொட்டியில கை வச்சா நான் வீட்ட விட்டுப் போயிடுவேன்.”

“எங்க போவ? வாசப்படி வரைக்கும் போறதுக்குள்ள நான் சூப் வச்சு எறக்கிடுவேன்.”

“சிரி, சிரி. தொட்டி இருக்கும். நான் மறுபடி அதுல எறங்குவேன்.”

அவருக்குத் தெரியாமல் அக்கா கொத்தனார்களுக்குப் போன் போட்டார். ஒருவன் பெல்ஜியத்தில் இருந்தான். ஒருவன் அக்டோபரில் வருவதாகச் சொன்னான். இன்னொருவன் நேரிலேயே வந்து, தொட்டியைப் பார்த்து நீளமாக ஒரு விசில் அடித்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று போனவன்தான்.

மே மாதத்தில் அண்ணனுக்கு மலையடிவாரத்துச் சிகிச்சை விடுதி ஒன்றில் ஏழு நாள் இடம் கிடைத்தது. உடற்பயிற்சி, மசாஜ், கந்தக வெந்நீர். நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். திரும்பும்போது அக்கா முன்சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நகரம் கண்ணுக்குத் தெரிந்ததும், “தெமெ, வீட்டுக்குப் போற வழியில அந்தக் கட்டுமானச் சாமான் கடையில நிறுத்து” என்றார்.

“எதுக்குக்கா?”

“ஒரு சம்மட்டி வேணும்.”

நான் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கைப்பையைத் திறந்து நாலாக மடித்த பழுப்புக் காகிதத்தை எடுத்தார். குளியலறைத் தரை முழுவதையும், கோட்டுக்குக் காகித மாதிரி வரைவதைப் போலவே வரைந்திருந்தார். வடிகால், குழாய், கதவுக்கால், எல்லாவற்றுக்கும் அளவு. டைல்ஸ் எங்கே தொடங்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும் என்று புள்ளிக்கோடு. மூன்று வாரமாக மகளிடம் கேட்டுக் கேட்டு போனில் ஓடுகிற விளக்கப் படங்களையெல்லாம் பார்த்திருக்கிறார்.

“ஏழு நாள் இருக்கு. அவரு திரும்பி வரும்போது முடிஞ்சிருக்கணும். அப்புறம் கத்தினாலும் கத்தட்டும்.”

மறுநாள் காலை தொட்டிமேல் பழைய கம்பளியைப் போர்த்தினார். கண்ணுக்கு என் மகனின் நீச்சல் கண்ணாடி. முதல் அடி மணி அடித்த மாதிரி கட்டடம் முழுக்கக் கேட்டது. தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏழாவதோ எட்டாவதோ அடியில்தான் கம்பளிக்கு அடியில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம். விளிம்பில் விரிசல். அக்கா சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கழிப்பீடத்தின் மூடிமேல் உட்கார்ந்துவிட்டார்.

“ராலித்சாவ மொத மொதல்ல இதுலதான் குளிப்பாட்டினோம்” என்றார். எழுந்து, சம்மட்டியை மறுபடி ஓங்கினார்.

பத்து மணிக்குக் கதவு இடிபட்டது. மூன்றாம் மாடி வெலிச்கா அத்தை. எழுபது வயது, தலையில் சுருள் உருளைகள், காலில் ரப்பர்ச் செருப்பு. பதினொரு வருஷத்தில் அந்த வீட்டு வாசலுக்கு அவர் வந்தது அன்றைக்குத்தான். பதினொரு வருஷத்துக்கு முன் அவர் குளியலறைக் கூரையில் மஞ்சளாக ஒரு கறை விழுந்தது. உங்கள் தொட்டிதான் ஒழுகுகிறது என்று மேலே வந்து சொன்னார். என் தொட்டி ஒழுகாது, நீ நாள் முழுக்கத் துணி வேகவைக்கிற ஆவிதான் அது என்றார் அசென் அண்ணன். அதற்குப் பிறகு இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. அண்ணன் அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. ‘கீழ் வீடு’ என்பார்.

“கட்டடத்தையே இடிச்சுத் தள்ளப் போறீங்களா? என் தட்டெல்லாம் அலமாரியில ஆடுது!”

அக்கா அவர் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். தொட்டியின் பாதி அதற்குள் துண்டுகளாகக் கிடந்தது. அது இருந்த இடத்தில் தரை கருப்பாக, சொதசொதவென்று இருந்தது. வடிகால் குழாயும் தரைக் குழாயும் சேர்கிற இடத்தில் ரப்பர் வளையம் என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமாகக் கருப்பாக ஏதோ பிசின் மட்டும் ஒட்டியிருந்தது.

வெலிச்கா அத்தை குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“பதினோரு வருஷம்” என்றார். “வருஷா வருஷம் வசந்தத்துக்கு வெள்ளையடிப்பேன். இலையுதிர்றதுக்குள்ள மறுபடி வந்துடும். ஒருவேளை நெசமாவே ஆவிதானோன்னு நானே சந்தேகப்பட ஆரம்பிச்சிட்டேன் நெதெல்கா. துணி வேகவைக்கிறதையே விட்டுட்டேன்.”

“மன்னிச்சிடுங்க வெலிச்கா அக்கா. நான் அப்பவே குனிஞ்சு பார்த்திருக்கணும். அவரு சொன்னதோட விட்டுட்டேன்.”

அத்தை படியிறங்கிப் போய்விட்டார். அவ்வளவுதான், போய்விட்டார் என்று நாங்கள் நினைத்தோம். கால் மணி நேரத்தில் தலையில் துணி கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் இரும்பு வாளியோடு திரும்பி வந்தார். “இந்த இரும்பையெல்லாம் கீழ எறக்கணும்ல? லிஃப்ட நான் புடிச்சிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் சுமங்க.”

அன்று சாயங்காலம் அண்ணன் விடுதியிலிருந்து போன் செய்தார். அத்தை பக்கத்தில் நின்று பழைய டைல்ஸைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன அது சத்தம்?”

“கீழ் வீட்டுல ஏதோ படம் மாட்டுறாங்க.”

“அந்தம்மாவுக்குப் படம் வேறயா! யாரு படமாம்?”

அக்கா போனைக் கையால் மூடிக்கொண்டு அத்தையைப் பார்த்தார். “ஒம் படந்தான்னு சொல்லு” என்றார் அத்தை.

குழாய் வேலைக்காகத் தண்ணீரை நிறுத்த வேண்டியிருந்தது. வாசல் கதவில் ‘செவ்வாய் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் வராது, மன்னிக்கவும், நான்காம் மாடி’ என்று எழுதி ஒட்டினோம். புதுக் குழாயையும் புது வளையத்தையும் அக்காவே பொருத்தினார். வளையத்துக்குப் பாத்திரம் தேய்க்கிற சோப்பைத் தடவி, கையை உள்ளே விட்டு, சட்டைக்குக் கழுத்துப்பட்டி வைத்து அழுத்துகிற மாதிரி சுற்றிச் சுற்றி அழுத்தினார். கீழே போய் அத்தை தன் கூரையைத் தடவிப் பார்த்துவிட்டு, படிக்கட்டிலிருந்தே கத்தினார்: “காஞ்சிருக்கு!”

ஆனால் சிமென்ட் தரைதான் அக்காவைக் கவிழ்த்தது. வடிகாலை நோக்கி வாட்டம் வைக்க வேண்டும் என்று தெரியும். ரசமட்டம் வைத்துப் பார்த்துத்தான் பூசினார். நாலாம் நாள் மத்தியானம் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார். அந்த நேரம் நான் வேலையில் இருந்தேன். போன் வந்தது.

“தெமெ, தண்ணி வீட்டுக்குள்ள வருது.”

நான் போய்ப் பார்த்தபோது அக்கா டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிகாலைச் சுற்றிவிட்டு, கதவு வழியாகக் கூடத்துக் கம்பளத்தில் ஏறியிருந்தது. கதவுப் பக்கம் ஒரு விரல் தாழ்ந்துபோயிருந்தது.

“துணின்னா இழுத்து விட்டுத் தைச்சிரலாம்” என்றார். “கொஞ்சம் நீராவி காட்டினா அதுவா ஒக்காந்துக்கும். இது உக்கார மாட்டேங்குது தெமெ. முப்பத்தோரு வருஷம் ஒரு கோட்டு கெடுத்ததில்ல நான்.” அவர் அழுது நான் பார்த்தது, ஜனவரியில் மருத்துவமனை வாசலில் அழுததற்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

கம்பளத்தைச் சுருட்டி பால்கனியில் காயப்போட்டேன். வெலிச்கா அத்தை பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சா என்ற அடுக்குப் பலகாரத்தைச் சூடாக எடுத்து வந்தார். மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டோம். கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அக்கா உளியைக் கையில் எடுத்தார். இறுகி முடியாத சிமென்ட்டைக் கொத்தி எடுக்க அன்று மாலையும் மறுநாள் காலையும் ஆனது. இந்த முறை வடிகாலிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் நூல் கட்டினார். நூலின் உயரத்துக்குச் சிமென்ட் உருண்டைகளை வைத்து, அவற்றின்மேல் பலகையை இழுத்துப் பூசினார். தண்ணீர் ஊற்றியபோது அது நாலு பக்கமும் நடந்து போய் வடிகாலில் இறங்கியது. ஒரு மூலையில் மட்டும் கையளவு தேங்கியது.

“அத விட்டுடு” என்றார் அத்தை. “கண்ணு படாம இருக்கும்.”

தண்ணீர் இறங்காத பூச்சை இரண்டு தடவை பூசி, காயவிட்டு, தரை டைல்ஸ் ஒட்டியபோது ஏழாம் நாள் ஆகிவிட்டது. சுவரில் பாதிகூட முடியவில்லை. கழிப்பீடம் கூடத்தில் நின்றது. தரையை இரண்டு நாள் மிதிக்கக் கூடாது.

எட்டாம் நாள் அண்ணனை அழைத்துவர நான் மட்டும் போனேன். வழியில் அவர் நல்ல பேச்சில் இருந்தார். விடுதிக் குளியலறையில் படியே இல்லையாம், சுவரில் கம்பி இருந்ததாம். மூன்றாம் நாள் நர்ஸை வெளியே அனுப்பிவிட்டுத் தானே குளித்தாராம்.

“கதவச் சாத்திக்கிட்டேன் தெமெனூகா. உனக்குப் புரியாது. அஞ்சு மாசமா நான் கதவச் சாத்திக் குளிச்சதில்ல. நெதெல்கா என்னை ராஜா மாதிரிதான் பாத்துக்கறா. ஆனா அந்த நாற்காலியில உக்காந்தா, முப்பத்தெட்டு வருஷம் என்னைப் புருஷனாப் பார்த்தவ என்னைப் பிள்ளையாப் பாக்கற மாதிரி இருக்கு.” அப்புறம் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். தொட்டியைப் பற்றி மூச்சு விடமாட்டேன் என்று அக்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கதவைத் திறந்ததும் கூடத்தில் நிற்கிற கழிப்பீடத்தைத்தான் அவர் முதலில் பார்த்தார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தார். தடியைத் தரையில் ஊன்றினார்.

“எங்க?”

“ஒடச்சிட்டேன்” என்றார் அக்கா. தலைமயிரில் சிமென்ட், விரல் நுனியெல்லாம் பிளாஸ்திரி.

“யாரு ஒடச்சா?”

“நான்தான்.”

“என்னக் கேக்காம.”

“மூணு தடவ கேட்டேன்.”

“நான் வேணாம்னு சொன்னேன்ல! வேணாம்னு சொன்னா அதுக்குப் பேரு என்ன?”

அது நியாயமான கேள்வி என்று அக்காவுக்கும் தெரியும். அண்ணன் படுக்கையறைக்குப் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு மணி நேரம் அப்படியே கிடந்தார். அதற்கு மேல் முடியவில்லை; சிறுநீர் முட்டியது. எதிர் வீடு பூட்டிக் கிடந்தது, அவர்கள் ஜெர்மனியில். என் வீட்டுக்கு வர வேண்டுமானால் லிஃப்டில் இறங்கி, ஒன்பது வாசற்படி இறங்கி, மறுபடி ஒன்பது படி ஏற வேண்டும்.

“கீழ் வீட்டுக்குப் போகலாம்” என்றார் அக்கா.

“செத்தாலும் போகமாட்டேன்.”

ஐந்து நிமிஷத்தில் நாங்கள் மூவரும் லிஃப்டில் இருந்தோம்.

வெலிச்கா அத்தை கதவைத் திறந்து, ஒரு ஜோடி ஆண் செருப்பை அவர் காலடியில் வைத்தார். செத்துப்போன கணவருடையது. அண்ணன் உள்ளே போனார். வெகுநேரம் வெளியே வரவில்லை. அக்கா கதவருகே போய்க் காது வைக்கப் போகையில் கதவு திறந்தது. அவர் அங்கேயே நின்று திரும்பி மேலே காட்டினார். கூரையில் மஞ்சள் கறை, அதைச் சுற்றி வருஷா வருஷம் பூசிய சுண்ணாம்பின் வட்டங்கள்.

“இதுவா?”

“அதேதான்” என்றார் அத்தை.

“ஆவின்னு சொன்னேன்.”

“சொன்ன.”

“குழாய் வளையம் செத்துப்போயிருந்துதுன்னு இவ இப்பத்தான் லிஃப்ட்ல சொன்னா.” அவர் அத்தை பக்கம் திரும்பினார். “வெலிச்கா அக்கா, இந்தக் கூரைக்கு நான் வெள்ளையடிச்சுத் தரேன்.”

“எந்தக் கையால?”

“இடது கையால.”

“அப்ப என் மூஞ்சிக்கும் சேத்து அடிச்சிருவ. உள்ள வா, காப்பி ஆறுது.”

அடுத்த ஆறு நாளும் அவர் அந்த வீட்டுக்குத்தான் போய் வந்தார். ஒரு தடவைக்கு அரை மணி ஆகும். காப்பி, கொஞ்சம் ராக்கியாச் சாராயம், ஊர்ப் பேச்சு. அக்காவோடு மட்டும் சரியாகப் பேசவில்லை. ‘உப்பு’, ‘கதவு’, ‘போன்’ என்று ஒற்றை வார்த்தைதான். அக்கா சுவர் டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தார். பல் வைத்த பூச்சுக் கரண்டியால் பசையை இழுப்பார், டைல்ஸை அழுத்துவார், இரண்டுக்கும் நடுவே இடைவெளி சமமாக இருக்க ஒரு சின்னப் பிளாஸ்டிக் சிலுவையைச் செருகுவார். மூன்றாம் நாள் அந்தச் சிலுவைப் பெட்டி அவர் முழங்கை பட்டுக் கவிழ்ந்து கூடமெல்லாம் சிதறியது.

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கதவுக்கு வெளியே உட்கார்ந்தார். குனிந்து வலது கையால் ஒன்றைப் பொறுக்க முயன்றார். விரலில் நிற்கவில்லை, விழுந்தது. மறுபடி எடுத்தார். விடுதியில் அவரைப் பீன்ஸ் விதை பொறுக்கச் சொல்வார்களாம்; சலிப்பாக இருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுவாராம். இப்போது நாக்கைப் பல்லுக்கிடையே வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அக்காவிடம் நீட்டினார். அக்கா திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி வாங்கிக்கொண்டார். ஒரு டைல்ஸுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. வேகமாக முடிக்க அக்காவால் முடியும். முடிக்கவில்லை.

“அது கோணல்” என்றார் அவர்.

“எது?”

“மேலயிருந்து மூணாவது.”

“ஒன் பார்வை கோணல்.”

“பாதிதான் என் பார்வை. மீதி டைல்ஸ்.”

அக்கா சிரித்துவிட்டார். ரசமட்டம் வைத்துப் பார்த்தால் கோணல்தான். கழற்றி மறுபடி ஒட்டினார்.

கடைசியாகக் கைப்பிடிக் கம்பி. கான்கிரீட் சுவரில் துளை போட அக்கா ஒரு முழு மத்தியானம் போராடினார். பொருத்தி முடித்ததும் இரண்டு கையாலும் பிடித்து, இரண்டு காலையும் தூக்கி அதில் தொங்கினார். “நீ அம்பது கிலோகூட இருக்க மாட்ட, இது ஒரு சோதனையா?” என்று வெலிச்கா அத்தை அவரை விலக்கிவிட்டுத் தானே தொங்கினார். கம்பி அசையவில்லை. கூடத்தில் அண்ணன், “போதும், அந்தச் சுவர் கட்டடத்தோட சுவர்!” என்று கத்தினார்.

ஒரு சனிக்கிழமை முன்மதியம் எல்லாம் காய்ந்துவிட்டது. அக்கா வெந்நீர்க் கொதிகலனைப் போட்டார். துண்டை எடுத்து வைத்தார், மாற்றுச் சட்டையை மடித்து வைத்தார். அண்ணன் தடியோடு வந்து வாசலில் நின்றார். அங்கே படி இல்லை. கூடத்துத் தரை போய்க் குளியலறைத் தரையோடு சேர்ந்திருந்தது. நடந்து உள்ளே போனார். இடது கையால் கம்பியைப் பிடித்தார்.

அக்கா பின்னாலேயே போய்ச் சட்டைப் பொத்தானில் கை வைத்தார்.

“நீ போ” என்றார் அவர். “கதவச் சாத்திட்டுப் போ.”

நாங்கள் மூன்று பேரும் சமையலறையில் உட்கார்ந்தோம். வெலிச்கா அத்தை வேண்டுமென்றே உரக்க உருளைக்கிழங்கு விலையைப் பற்றிப் பேசினார். அக்கா காதில் எதுவும் ஏறவில்லை. தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது, நின்றது, மறுபடி வந்தது. திடீரென்று ‘டொப்’ என்று ஏதோ விழுந்தது. அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அத்தை அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“சோப்பு!” என்று உள்ளேயிருந்து சத்தம். “சோப்புதான்! யாரும் வரவேண்டாம்!”

அந்தச் சோப்பை எடுக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. தலை சீவியிருந்தது, கன்னம் சிவந்திருந்தது. மேசையருகே வந்து உட்கார்ந்து, ரொட்டியை எடுத்துப் பிய்த்தார்.

“மூலையில கொஞ்சம் தண்ணி நிக்குது” என்றார்.

“தெரியும்” என்றார் அக்கா.

“நிக்கட்டும்.” கொஞ்ச நேரம் மென்றார். “நெதெல்கா, நீ மறுபடி கேட்டிருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதுவும் தெரியும்.”

“கோவம் இன்னும் போகல.”

“மெதுவாப் போகட்டும்.”

அண்ணன் பிய்த்த ரொட்டியில் பாதியை அக்கா பக்கம் தள்ளினார். அக்கா அதைத் தொடவில்லை. அந்த இரண்டு வாரமும் என் வீட்டிலும் அத்தை வீட்டிலும் அவசரமாகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஓடி வந்தவர் அவர். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த தன் துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர்.

அண்ணன் உப்புச்சாடியை அத்தை பக்கம் நகர்த்தி, தக்காளி நறுக்கச் சொன்னார். அக்கா வெளியே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. யாரும் கதவைத் தட்டவில்லை.